மார்த்தா வீட்டுக் கதை

பழைய கசெற்றுகளைக் கொம்பியூட்டருக்கு மாத்திக் குடுக்கிற கடை எங்கட. கடை வைச்சுச் சீரழியிற உங்களுக்குத் தெரியாததே, சனம் கொண்டு வாறது கசெற், திருப்பிக் கேக்கிறது செத்த மனுசரை.

பூஞ்சணம்

கடைக்குக் கிட்ட மல்வேர்னில இருக்கிற நேர்ஸ் மார்த்தா ஒரு கசெற்றோட வந்தா. அவ ஆதிக்குடிச் சனம், சொந்த ஊர் பசிபிக் கரையின்ர வடக்குத் தொங்கலில ஒரு மீன்பிடி ஊர். முந்தி ஒரு பேரலை அந்த ஊரை அள்ளின கதையை அவவின்ர தாய்மாமன் அதில சொல்லியிருக்கிறார். மனுசன் போன மாரியோட செத்துப்போயிட்டார். கோடையில ஊர் விருந்தில இனி மார்த்தாதான் எழும்பிச் சொல்லவேணும். கசெற் முழுக்கப் பூஞ்சணம்.

"பார்த்துச் செய்யுங்கோ. பிழையாச் சொன்னால் அந்தக் கதையைச் சொல்லுற உரிமை எங்கட வீட்டை விட்டே போயிடும்."

வாய்

என்னோட வேலை செய்யிற சிவா அண்ணைக்கு வாய் சும்மா கிடக்காது. குடுத்த கலியாண வீடியோவைத் திருப்பி வாங்க வந்த அன்ரி ஒராளுக்கு, கையையும் வீசி, கொஞ்சம் கூட்டியும் போட்டு, அலைக் கதையை விளாசிக்கொண்டு நிண்டார். வாசலில மார்த்தா. முகம் கறுத்துப்போச்சு. அது தங்கட வீட்டுச் சொத்து, கேக்காமல் ஒருத்தரும் சொல்லுறேல்லை எண்டிட்டுப் போயிட்டா. அண்ணைக்கு ரோசம்.

"காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கு, சரி. கதைக்குமோ?"

அறுந்த இடம்

கசெற் நாடாவின்ர கடைசித் துண்டு உக்கிப்போச்சு. என்னவெல்லாமோ செய்து பாத்தம். "அலை வத்தின பிறகு" எண்டு மாமா தொடங்குறார், அங்கால வெறும் இரைச்சல். அதைச் சொன்னவுடன மார்த்தா கதிரையில இருந்து அழுதா. சிவா அண்ணை தேத்தண்ணி கொண்டந்து வைச்சார்.

"முடிவில்லாத கதையோட நான் எப்பிடி எழும்பிறது?"

விருந்து

கோடை முடிய, புகையில காயவைச்ச சாமன் மீனோட வந்தா. அறுந்த இடம் வரைக்கும் சொல்லிப்போட்டு, தனக்கு இவ்வளவுதான் தெரியும் எண்டு ஊருக்கு முன்னால உண்மையைச் சொன்னாவாம். அவையின்ர விருந்துக்குப் போறவை சாட்சிகள். கேட்டதை மனசில வைச்சிருக்க வேண்டியது அவையின்ர கடமை. வேறொரு வீட்டு மனுசி எழும்பி, முந்தி மாமா சொல்லக் கேட்டதை அப்பிடியே முடிச்சுக் குடுத்தாவாம்.

சிவா அண்ணைக்கு இருப்புக்கொள்ளேல்லை. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மெல்ல, "பிள்ளை, முடிவைக் கேக்கலாமோ?" எண்டார். மார்த்தா அவரை வடிவாப் பாத்தா.

"அடுத்த விருந்துக்கு வாங்கோ. சாட்சியா இருந்து கேளுங்கோ."

அலையைப் பூஞ்சணத்தில இருந்து மீட்ட எங்களுக்கு அது ஆரை உயிரோட விட்டிட்டுப் போனது எண்டு இண்டைக்கும் தெரியாது, நாளைக்குத் தெரிஞ்சாலும், குறை நினையாதேங்கோ, உங்களுக்குச் சொல்லமாட்டம்.