அன்புடன் அழைத்த ஆட்டோ

எங்கள் தெருவில் யாரும் எதையும் முதல் தடவையே நம்பிவிட மாட்டார்கள். இன்றைக்குத் தண்ணீர் லாரி வரும் என்று சொன்னால், "யாரு சொன்னது?" என்பார்கள். சொன்னவர் இன்னார் என்றால், "அவனுக்கு யாரு சொன்னது?" என்பார்கள். லாரியே வந்து நின்று ஹாரன் அடித்த பிறகும், உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். இப்படிப்பட்ட ஜனங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சேதிகளை ஒன்று விடாமல் கொண்டு சேர்ப்பது என்று எங்கள் ஏழாம் வகுப்பு டீச்சர் கங்கணம் கட்டிக்கொண்ட வருஷம் அது.

மணலியை ஒட்டிய தாழ்வான பகுதி எங்களுடையது. மழை பெய்தால் சென்னையில் முதலில் மூழ்குகிற பெருமை எங்களுக்கு உண்டு. அங்கிருந்த நடுநிலைப்பள்ளிக்கு டீச்சர் வண்ணாரப்பேட்டையிலிருந்து பஸ் மாறி வருவார். புதிதாக வந்தவர், அதனால் சுறுசுறுப்பாக இருந்தார். பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டால் வருகிறவர்களை எண்ண ஒரு கை போதும் என்பது அவருக்குப் பெரிய மனக்குறை.

முதலில் பிள்ளைகள் மூலம் சொல்லியனுப்பினார். எங்களுக்குச் சாதகமானதை மட்டும் நாங்கள் கொண்டு சேர்த்தோம். லீவு என்றால் அன்றைக்கே போய்ச் சேரும். கூட்டம் என்றால் வழியிலேயே மறந்துவிடும். அடுத்து வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். எங்கள் வீட்டில் வாட்ஸ்அப் வருகிற போன் வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். அவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். டீச்சர் அனுப்பும் சேதி, எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் லாரிக்குள் போய் விழும். மாமா லோடு இறக்கி வீடு திரும்புவதற்குள் அந்த நிகழ்ச்சியே முடிந்து போயிருக்கும்.

போதாக்குறைக்கு அந்தக் குரூப்பில் யாரோ பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி ஒரு பயங்கரமான சேதியைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு டீச்சர் போடுவதையும் ஜனங்கள் அதே கண்ணால்தான் பார்த்தார்கள். நாளை வகுப்பில் குழுப் புகைப்படம் எடுக்கப்படும் என்று அவர் போட்டதற்கு, "போட்டோ எதுக்கு? அது எங்க போவுது?" என்று கேட்டுக்கொண்டு நாலைந்து அம்மாக்கள் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் அன்றைக்கு மட்டும் தவறாமல் வந்தார்கள்.

நவம்பரில் குழந்தைகள் தின விழா வந்தது. வரவேற்புரை சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்கு அந்த விழாவில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அப்பா வந்து உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்க வேண்டும்.

அப்பா ஹார்பரில் லோடு மேன். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து அவர் அந்த வாசலை மிதித்ததே கிடையாது. என்னைச் சேர்க்கப் போனது அம்மா, பரிசு வாங்கியபோது வந்தது அம்மா, அடி வாங்கியபோது சண்டைக்கு வந்ததும் அம்மா. போன வருஷ வெள்ளத்தில் தெரு மொத்தமும் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பறையில் குடியிருந்தபோதும், அப்பா மட்டும் எதிர் மாடி வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்துகொண்டு எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இதில் பலத்த சந்தேகம் இருந்தது. என் தோழியிடம் சொன்னேன். அவள் நிதானமாக யோசித்துவிட்டு, "உங்க நைனாவுக்கு வேற எங்கியோ ஒரு பொண்ணு கீதுடி. அவ ஸ்கூலுக்குப் போறாரு போல" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நைனா, நீ வர்ற தான?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மைக் ஆட்டோ வந்தது. சொல்லியனுப்பியும் பயனில்லை, குரூப்பும் பயனில்லை என்று கண்ட டீச்சர், தலைமையாசிரியரிடம் வாதாடி ஏற்பாடு செய்த கடைசி வழி அது. எங்கள் பகுதிக்கு மைக் ஆட்டோ புதிதல்ல. தேர்தலுக்கு வரும், சாவுக்கு வரும், வெள்ளத்துக்கு வரும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே குரல், ஒரே ராகம். அந்தக் குரலில்தான், நாளை மாலை நம் பள்ளியில் நடைபெறும் குழந்தைகள் தின விழாவுக்குப் பெற்றோர்கள் அனைவரும் குடும்பத்துடன் தவறாமல் வந்து சேருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒரு வார்த்தை விடாமல் எல்லோருக்கும் தெளிவாகக் காதில் விழுந்தது. வினையே அதில்தான் வந்தது. ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அடிபம்புப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது.

"குடும்பத்தோட வரச் சொல்றான் பாத்தியா? ஸ்கூலு விழாவுக்கு எவன் குடும்பத்தோட கூப்டுவான்?" என்று ஆரம்பித்தார் பக்கத்து வீட்டு அக்கா.

"தவறாமன்னு வேற சொல்றான்" என்றாள் அம்மா.

பஞ்சர் கடை அண்ணன் தலையை ஆட்டினார். "அதெல்லாம் வுடு. அன்புடன்னு சொன்னான் பாரு, அங்கதான் மாட்டிக்கினான். நம்மள எவன் என்னிக்கி அன்பா கூப்ட்டுகிறான்?"

அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. ஏரி மதகைத் திறந்து தண்ணீரை இந்தப் பக்கம் விடப் போகிறார்கள். ஜனங்கள் பயந்து அலறக்கூடாது என்று விழா என்ற பேரில் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கிறார்கள். "போன வருஷம் சொல்லாம தொறந்தானுங்க. இந்த வருஷம் பொய் சொல்லிட்டுத் தொறக்குறானுங்க" என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. அதுவும் எங்கள் தெருவில் ஒரு சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. மழை மேற்கே பெய்துகொண்டிருக்கிறதாம்.

நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். "யம்மா, அது நெஜமாவே விழாம்மா. நாந்தான் பேசப்போறேன்."

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உன்ன பேச வெச்சா நாங்க நம்பிடுவோம்னு உங்க டீச்சர் நென்ச்சிகினு கீறாங்க. பச்சப்புள்ளய வெச்சி இன்னா வேல பண்றாங்க பாரு!"

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நீங்கள்லாம் போங்க. நா வூட்டாண்ட இருக்கேன்" என்றார்.

"தண்ணி வந்துச்சுன்னா?" என்றாள் அம்மா.

"தண்ணில்லாம் வராது."

"அப்ப விழாதான்னா, வந்து புள்ள பேசுறதப் பாரேன்யா!"

அவர் தெருமுனைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளத்தையும் நம்பவில்லை, விழாவையும் நம்பவில்லை. மூன்றாவதாக ஏதோ ஒன்றை நம்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது அந்த இன்னொரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் பள்ளி வாசலில் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் கூட்டம் தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடம் அத்தனை பெற்றோரை அதற்கு முன்பு பார்த்ததில்லை. கைகூப்பிச் சிரித்தபடி நின்றவர், கூட்டத்துக்குப் பின்னால் மீன்பாடி வண்டியில் கயிறு கட்டி வந்த பிரிட்ஜைப் பார்த்ததும் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் மூட்டைகள் வந்தன. குக்கர்கள் வந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகள் கூடையோடு வந்தன. ரேஷன் கார்டையும் ஆதாரையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு அம்மா வந்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றார் டீச்சர்.

"பரவால்ல டீச்சர், எங்ககிட்ட மறைக்காதீங்க. எந்த ரூம்ல வெக்கிறது? போன வாட்டி ஆறாங்கிளாஸ் குடுத்தாங்கோ. அதயே குடுத்துடுங்க, பழகின எடம்" என்றாள் அம்மா.

டீச்சர் மேடையைக் காட்டினார். கட்டியிருந்த பலூனைக் காட்டினார். மீசை வரைந்துகொண்டு நின்ற மூன்றாம் வகுப்புப் பையன்களைக் காட்டினார். ஜனங்கள் ஒத்துக்கொள்வது போலத் தலையாட்டிவிட்டு, ஆறாம் வகுப்பறையில் இடம் பிடிக்க ஆள் அனுப்பினார்கள். குழுநடனம் நடந்தபோதும் பாதிப் பேர் வாசல் கேட் பக்கம் திரும்பித் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தது டீச்சர் செய்த பெரிய தப்பு. போன வருஷமும் முதலில் வந்தது பிஸ்கட்தான். கொஞ்சநஞ்சம் நம்ப ஆரம்பித்தவர்களும் அத்தோடு மனசை மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் பெற்றோர்களே என்று நான் தொடங்கியபோது, மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவர்கள் தலைக்கு மேல், பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம், கேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பேசி முடிக்கும் வரையிலும் அப்பா வரவில்லை. பலமாகக் கைதட்டினார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

விழா முடிந்து, நன்றியுரையும் முடிந்து, ஏரி திறக்கவே இல்லை என்று ஒருவழியாகத் தெரிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்போதும் ஏமாந்துவிட்டோம் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் உஷாராகிவிட்டதைப் பார்த்துக் கடைசி நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று பேசிக்கொண்டு மூட்டைகளைத் தூக்கினார்கள். நான் அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா அதே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நாலு வீடு தள்ளி, அவரோடு சின்ன வயசில் கால்வாய்க்கரையிலிருந்து குடிவந்த கூட்டாளிகள் இரண்டு பேரும் அவரவர் வாசலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாத்துக்கு வரல நீ?"

"நா வந்துட்டா வூட்ட யாரு பாத்துக்குவா?"

"வூட்ல இன்னா கீது? கீறத எல்லாம் யம்மாதான் மூட்ட கட்டி எடுத்துகினு வந்துச்சே!"

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஆணியில் ஒரு காலண்டர், கொடியில் ஒரு துண்டு, மூலையில் கிழிந்த பாய். அவ்வளவுதான். பாயைச் சுருட்டி அடியில் பார்த்தேன். பரணில் ஏறிக் கையை விட்டுத் துழாவினேன். அப்படி என்ன வைத்துக்கொண்டு ஒரு ஆள் நாள் முழுக்கக் காவல் காப்பார்? ஒன்றும் அகப்படவில்லை. அப்பா பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன்.

வெளியே வந்தபோது, "இன்னா பேசுன? சொல்லு, கேக்குறேன்" என்றார்.

வீம்புக்கு, மேடையில் நின்ற மாதிரியே விறைப்பாக நின்று, எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் பெற்றோர்களே என்று தொடங்கினேன். அப்பா எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்று கேட்டார். அந்த நிமிஷம் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. ஆனால் அவர் கண் என் மேல் இல்லை. நான் பேசப் பேச அவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஏதோ ஒரு வண்டி உறுமிக்கொண்டு போனபோது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் போன பிறகுதான் என் பக்கம் திரும்பி, "ம், அப்பறம்?" என்றார். சந்தேகமே இல்லை, யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. மிச்சத்தைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

நான் காலேஜில் சேர்ந்த பிறகு, ஏதோ பேச்சுவாக்கில் அம்மாதான் சொன்னாள். அப்பாவுக்கு அப்போது என் ஏழாம் வகுப்பு வயசுதானாம். கால்வாய்க்கரையில் குடிசை. ஒரு நாள் மைக் வைத்துக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம், எல்லோரும் குடும்பத்துடன் வாருங்கள் என்று கூப்பிட்டார்களாம். கரை மொத்தமும் போயிருக்கிறது. அப்பாவுக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். கண் கூசக்கூசத் திரும்பி வந்தவர், தன் வீடு இருந்த இடத்தில், புல்டோசர் போன தடத்தின் மேல் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாராம். மருந்தினால்தான் வீடு தெரியவில்லை, கொஞ்ச நேரம் போனால் தெரிந்துவிடும் என்று நினைத்தாராம்.

வீட்டுக்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு போக வருகிற திருடர்களைத்தான் எனக்குத் தெரியும். வீட்டையே எடுத்துக்கொண்டு போக வருகிறவர்களும் உண்டு என்பது அந்த வயசில் எனக்குத் தெரியாது. அதனால்தான் பாய்க்கு அடியில் தேடினேன்.