அப்பா சொன்ன ‘கல்’

எங்கள் அன்புத் தந்தையார் ஆரணிக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனாரை இழந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாமாவுடன் புனேவுக்கு ரயிலேறினார். தோட்டா செய்யும் தொழிற்சாலையில் வேலை, ஏரவாடாவில் ஒற்றை அறை வீடு. அதில்தான் என்னையும் தம்பியையும் ஆளாக்கினார்.

பள்ளியை விட்டாலும், அங்கே மனப்பாடம் செய்த பழம்பாடல்கள் அப்பாவை விடவில்லை. குழாயடிச் சண்டைக்குப் பொறுமையைப் பற்றி ஓரடி, மீட்டர் போடாத ரிக்‌ஷாக்காரருக்கு அறத்தைப் பற்றி ஓரடி. அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் “பரோபர் ஹை, அண்ணா” என்று ஒப்புக்கொண்டு மீட்டரைப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். மராத்திப் பள்ளியில் படித்த எங்களுக்கும் ரிக்‌ஷாக்காரர் அளவுக்குத்தான் விளங்கும். கேட்டால், “அர்த்தம் அப்பறம் வரும், மொதல்ல வாயில நிக்கட்டும்” என்பார்.

கடைசி நாள் காலை, மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு “கல்... கல்...” என்றார். நர்ஸிடம் இந்தி பேசிய பழக்கத்தில் என்னிடமும் இந்தியில் ‘நாளைக்கு’ என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “ஆமாம்பா, கல் பக்கா. நாளைக்கு வூட்டுக்குப் போயிடலாம்” என்றேன். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று மாலையே எங்களை விட்டுப் பிரிந்தார்.

காரியம் முடிந்தபின் இதைச் சொன்னேன். தம்பி அழுதுவிட்டான்.

“இல்லக்கா, அது கல்வின்னு ஆரம்பிக்கற பாட்டு. நான் பத்தாவதுல ஃபெயில் ஆனப்ப தெனம் சொல்வாரே.”

அம்மா அதட்டினார். “பாட்டும் இல்ல, நாளைக்கும் இல்ல. அவருக்குக் கிட்னில கல்லு இருந்துச்சே, வலிக்குதுன்னு சொல்லியிருக்காருடி.”

பாட்டென்றால் கூடச் சேர்ந்து முடித்திருக்க வேண்டும். வலியென்றால் டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. ஓராண்டாக நினைத்து நினைத்துக் குழம்புகிறேன். புனேவிலேயே ஔந்தில் இருக்கும் தமிழ்த் தோழியிடம் அந்தப் பாட்டைப் பொருளோடு கற்றுக்கொண்டேன். இத்தனை தலைமுறை ஏன் அதைச் சொல்லிவந்தது என்பது இப்போது புரிகிறது. அப்பா அந்தக் காலையில் ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், ஆரணியிலிருந்து ஓடிவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் படத்துக்குக் கீழே, அப்பாவுக்குப் பிடித்த ஓரடிக்காக அச்சகத்தார் இடம் விட்டிருந்தார்கள். தம்பி அந்தப் பாட்டைக் கொடுத்தான், அம்மா வேண்டாமென்றார். இடம் வெறுமையாக இருப்பது அச்சகத்தார் தவறு அன்று. “எந்தக் கல்லுப்பா?” என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.