நுனி வெட்டிய கையுறை

இரண்டு வருடங்களுக்கு முன், சோளகக் காற்று பிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் இது நடந்தது. மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பிழை என்னுடையது, அது ஏன் ஏச்சு வாங்க வேண்டும்?

நரம்பு பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. மற்றவர்கள் குத்திப் பார்த்துக் கைவிட்ட கைகள் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கள்ள வேலை இருந்தது. கையுறை போட்டால் நரம்பு விரலுக்குத் தட்டுப்படாது என்று, இடது கையுறையில் சுட்டுவிரல் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் போடுவேன். இத்தனைக்கும், 'முழுக் கையுறை அணியவும், பாவித்த ஊசியைத் திரும்ப மூட வேண்டாம்' என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை எழுதியவளே நான்தான். கையெழுத்து வடிவு என்று என்னிடம் தந்திருந்தார்கள்.

அன்று வெறும் வயிற்றில் சீனிப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். பாவித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி நிரம்பிவிட்டது. புதுப் பெட்டி எடுக்க ஸ்டோருக்குப் போனால் பத்து நிமிடம் போகும். இந்த வரிசை முடியட்டும் என்று ஊசிகளை மூடி மூடித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கதிரையில் இருந்தவர் கொண்டச்சியிலிருந்து வந்த முஸ்லிம் கடற்தொழிலாளி ஒருவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அவருடைய இரத்தத்தை எடுத்துவிட்டு ஊசியை மூடும்போது அது மூடியைத் தவறி, வெட்டிய நுனியால் வெளியே நின்ற என் விரலில் ஏறிவிட்டது. அடுத்த கணம் விரல் என் வாயில் இருந்தது.

நான் பள்ளிமுனைக்காரி. அப்பாவுக்குக் கடல்தான் தொழில். கெளிறு மீன் முள் குத்தினால் உறிஞ்சித் துப்புவதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். ஊசி குத்தினால் செய்யவே கூடாத வேலை அது என்று படித்தவள்தான் நான். ஆனால் கை படிப்பைக் கேட்கவில்லை, வீட்டைத்தான் கேட்டது.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அடுத்தவரைக் கூப்பிட்டேன். கதிரையில் இருந்தவரோ எழும்பவில்லை.

"மிஸ், முள்ளுக் குத்தினா நாங்களும் இப்பிடித்தான் வாயில வைப்பம். ஆனா அது மீன்ட முள்ளு. இது என்ட இரத்தம்."

"ஒண்டுமில்லை, லேசாத்தான் பட்டது. நீங்கள் போங்கோ, பஸ்ஸை விட்டிடுவீங்கள்" என்றேன். எனக்கு வெட்கம். அறிவித்தல் எழுதியவளே அகப்பட்டால் எல்லோரும் என்னைப் பகிடி பண்ணுவார்களே என்பதுதான் அப்போதும் என் கவலை. வீட்டில் எட்டு மாதப் பால்குடிப் பிள்ளை இருப்பதுகூட அந்த நேரம் நினைவில் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்தி, இறந்துபோன தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். "என்ட காக்கா ஈரல் பழுதாகித்தான் மவுத்தானார். எனக்கும் இருக்கோ தெரியா. பயத்தில இவ்வளவு நாளும் பார்க்கல்ல. பெரிய மிஸ்ஸ கூப்பிடுங்க, இல்லாட்டி நான் கூப்பிடுறன்."

அதன் பிறகுதான் பெரிய மிஸ்ஸைக் கூப்பிட்டேன். பொறுப்பாக இருந்த மிஸ் வந்து, ஒரு வார்த்தை ஏசாமல், என் விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வாயையும் நன்றாக அலசச் சொன்னார். பிறகு ஈரல் அழற்சித் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். மூன்று ஊசியில் இரண்டுதான் போட்டிருந்தேன். பிள்ளை வயிற்றில் இருந்தபோது சத்தி, வாந்தி என்று தள்ளிப்போட்டது, பிறந்த பிறகும் நாளைக்கு நாளைக்கு என்றே போய்விட்டது. அட்டையைப் பார்த்தபோதுதான் மிஸ்ஸின் முகம் மாறியது.

அந்த மனிதர் தன் இரத்தத்தைச் சோதிக்கத் தானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். பஸ் போய்விட்டது. விடியற்காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மிஸ்தான் வாங்கிக் கொடுத்தார்.

மத்தியானம் முடிவு வந்தது. வைத்தியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர் நேரே என்னிடம் வந்தார்.

"இருக்காம், மிஸ். நீங்க பயப்படாதீங்க. உடனே போட்டா பிடிக்காதாம், ஊசி இருக்காம்."

தன் காக்காவைக் கொண்டுபோன நோய் தனக்கும் இருக்கிறது என்று கேட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து மருந்தை எடுப்பித்து அன்று பின்னேரமே எனக்கு ஏற்றினார்கள், விட்ட தடுப்பூசியும் போட்டார்கள். பால் கொடுக்கலாம் என்று வைத்தியர் சொல்லியும், அன்றிரவு நான் கலியாணம் முடித்துப் போன தோட்டவெளி வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தயங்கினேன்.

ஆறு மாதம் நான் பரிசோதனைக்குப் போனேன், அவர் கிளினிக்கிற்கு வந்தார். ஆட்கள் முன்னால் ஒன்றும் கேட்கமாட்டார். சுட்டுவிரலைக் காட்டி, என்ன என்பதுபோலத் தலையை ஆட்டுவார். இன்னும் முடியவில்லை என்று நானும் தலையை ஆட்டுவேன். கடைசி அறிக்கையில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்த அன்று, கோயிலுக்குப் போக முன்னம் அவருக்குத்தான் காட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கிளினிக் வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, "உங்களுக்குக் குத்தியிருக்காட்டி நானும் காக்கா மாதிரி தெரியாமலே போயிருப்பன்" என்றார். அவருடைய ஈரல் பழுதாகும் முன்னரே வைத்தியம் தொடங்கிவிட்டது. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதுங்க, ஆனால் கையுறையை வெட்டுறதையும் மறைக்காம எழுதணும் என்று சிரித்தார்.

இப்போது என் கையுறைக்கு ஐந்து விரலும் முழுசாக இருக்கின்றன. பெட்டி முக்கால்வாசி ஆனதுமே, வரிசை வாசலைத் தாண்டி நின்றாலும், எழும்பிப் போய்ப் புதுப் பெட்டி எடுத்து வருகிறேன். நரம்பு பிடிக்கச் சில நேரம் சுணங்கும், ஆட்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. வெறும் வெட்கத்துக்காக நான் மறைக்கப் பார்த்ததை, மறைப்பதற்கு என்னைவிடப் பெரிய காரணம் வைத்திருந்த ஒரு மனிதர் மறைக்கவிடவில்லை என்பதை, ஓடித் திரியும் என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.