களிமண் கலந்த கைப்பிடி

தொண்ணூறுகளின் நடுவில் பெருங்குடியில், குக்கர் கைப்பிடி செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்தேன். மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும். லேபில் நான் ஒருத்திதான் பெண்.

எங்கள் கைப்பிடிகள் கருகிப் பொரிகின்றன என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கைப்பிடி வார்க்கும் ரெசினில் ஒருவகைக் களிமண்ணைச் சேர்த்தால் சூடு தாங்கும் என்று அப்போதுதான் வெளிநாடுகளில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் களிமண் கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து ரெசின் முழுக்கப் பரவ வேண்டும். என் முதல் முயற்சியில் அது ரவா உப்புமா மாதிரி கட்டி தட்டிவிட்டது. கைப்பிடி கையோடு உடைந்து வந்தது.

மேனேஜருக்கு ஒரே கொண்டாட்டம். "களிமண் எங்க இருக்குன்னு இப்பத்தானே தெரியுது" என்று என் தலையைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருக்கட்டும் சார், அதுவாவது சூடு தாங்கும்" என்றேன்.

முதலாளியிடம் சொல்லி இந்த வேலையையே நிறுத்திவிடுவதாக மிரட்டினார். நான் விடவில்லை. கலக்கும் பக்குவத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கட்டியில்லாமல் கொண்டுவந்துவிட்டேன்.

லேப் சோதனையில் பழைய கைப்பிடியும்தான் தேறியது. வீட்டு அடுப்பில்தானே கருகியது? அதனால் முதலாளி வந்த அன்று முற்றத்தில் கேஸ் அடுப்பை வைத்து, இரண்டு குக்கரில் அரிசியும் பருப்பும் போட்டேன். ஒன்றில் பழைய கைப்பிடி, இன்னொன்றில் என்னுடையது.

"தீயைக் குறைம்மா, பக்கத்துல ஏறுது" என்றார் மேனேஜர்.

"ஆபீசுக்கு நேரமாச்சுன்னா எங்க வீட்ல இப்படித்தான் சார் எரியும்."

கொஞ்ச நேரத்தில் பழைய கைப்பிடி நாற்றமெடுத்துப் பொரிந்தது. மெஷின் ஓட்டுபவர் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், உங்களுது அப்டியே கீது!" என்று கத்தினார். முதலாளி அடுப்பை அணைக்கச் சொல்லி, கைத்துணி இல்லாமலே என் குக்கரைத் தூக்கினார். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "நல்லா வந்திருக்கு. இனிமே நீங்க எடுத்து நடத்துங்க" என்றார்.

அவரும் கூசாமல் தலையாட்டினார்!

"இது என் வேலை சார். நான்தான் நடத்துவேன். இல்லேன்னா இப்பவே என் கணக்கை முடிச்சிடுங்க" என்றேன். முதலாளி கையிலிருந்த குக்கரை என் முன்னால் வைத்தார். பிறகு, "சரிம்மா, நீயே பாரு" என்றார்.

அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இத்தனை வருடமும் என் சமையலறையிலேயே அந்த மேனேஜருடைய கைப்பிடியைத்தான் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.