வலப்பக்கம் பார்க்காத சிப்பி

அந்தச் சிப்பி ஓர் அரிசிமணியைவிடச் சிறியது. ஆழ்கடல் சேற்றிலிருந்து அள்ளியெடுத்து ஸ்பிரிட்டில் போட்டிருந்தார்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அது என்னோடு எங்கள் வீடு இருக்கும் லுணுகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது.

பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம். ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பசறையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டி இருக்கிறது, அங்கே வைத்து வரைந்து முடித்துவிடுகிறேன் என்று விரிவுரையாளரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். "உடம்பு சிதையாம இருக்கிறது இது ஒண்டுதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் படிப்பென்று ஒன்றைப் படித்தவள் நான்தான் முதல். பஸ்ஸில் வரும்போது குப்பியைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன். பெருமையில் பசிகூடத் தெரியவில்லை.

அதன் ஓடு அவ்வளவு மெல்லியது, உள்ளே இருப்பது வெளியே தெரியும். இரு முனைகளிலும் ஓடுகளை இழுத்து மூடும் தசைகள். செவுள் சிறியது, மூச்சுக்கு மட்டும். வாயருகே இருக்கும் நீண்ட இழைகள்தான் சேற்றைத் தடவி உணவைக் கொண்டுவரும். மிச்ச இடத்தில் பெரும்பாலும் குடல். அந்த ஆழத்துச் சேற்றில் சத்து மிகக் குறைவு. கிடைத்ததை நெடுநேரம் வைத்திருந்து செரிப்பதற்காகக் குடல் சுருள்சுருளாக நீண்டு கிடக்கிறது. சுருள் ஒரு பக்கத்தில் மட்டுமா, இரு பக்கமுமா என்று தெரிந்தால்தான் அது எந்த இனம் என்று என்னால் எழுத முடியும். என் ஆய்வே அதுதான்.

பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி பழையது, கண்ணாடியில் வெயில் விழ வேண்டும். இடப்பக்கத்தை வரைந்து முடிப்பதற்குள் மழை இருட்டிவிட்டது. வலப்பக்கத்தை மறுநாளைக்கு வைத்தேன். தொழிலாளர் லயத்து வீட்டில் யார் கையும் படாத இடம் சாமித் தட்டுதான். குப்பியை அங்கே வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்தபோது தட்டில் குப்பி இல்லை. அம்மா பெரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விட்டிருந்தார். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் கேட்டேன்.

"ஸ்பிரிட் குப்பியா? சாமி தட்டுல யாரு அத வச்சது? பக்கத்துல போனாலே வாடை. எடுத்து மடியில செருகிக்கிட்டேன். நல்லவேள, ஆறாம் நம்பர் மலையில இன்னைக்கு அட்டை மொய்க்குது."

மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் மடியில் ஒரு ஸ்பிரிட் குப்பி வைத்திருப்பார்கள். அட்டை ஏறிய இடத்தில் கொஞ்சம் ஊற்றினால் அது சுருண்டு விழுந்துவிடும். அம்மா குப்பியை நீட்டினார். கடலின் ஆழத்தை எழுதி உள்ளே போட்டிருந்த சீட்டு மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள ஒரு சிப்பி இருந்துச்சும்மா."

"ஏதோ தூசுன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் கணுக்காலிலிருந்து இன்னும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எதைச் சொல்லிக் கோபப்படுவது?

மறுநாள் பெரட்டில் அம்மா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மாலையில் கூடையை இறக்கிவிட்டுப் பெண்கள் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மடியிலிருந்து வெள்ளைக் கல், நத்தை ஓடு, சட்டைப் பொத்தான் எல்லாம் வந்தன.

"இதுவா பாரு புள்ள."

"அடியே, அது நத்தை. புள்ள கேக்குறது கடல் சாமான்."

"கடல் சாமானுக்கு மலையில என்னடி வேல?"

"ஒனக்கு மட்டும் என்ன வேல? ஒங்க பாட்டனும் கடல் தாண்டித்தானே வந்தாரு!"

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. இரவெல்லாம் பெய்த மழையில் அது எந்த ஓடையோடு போயிருக்கும் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் காத்து நின்றதால் ஒவ்வொன்றையும் கைவில்லை வைத்துப் பார்த்தேன். பொத்தானையும் பார்த்தேன்.

விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "பார்த்ததை மட்டும் எழுதுங்கோ" என்று வைத்துவிட்டார்.

வலப்பக்கத்துக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் ஓட்டின் விளிம்பை மட்டும் வரைந்தேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஏன் வெறுமையா கெடக்கு?"

"பாக்கலம்மா."

"நாளைக்கு வேலைக்குப் போகாம நிக்கிறேன். பதுளைக்குப் போவோமா? மீன் கடையில சொல்லி வச்சா வேற ஒண்ணு எடுத்துத் தர மாட்டாங்களா?"

"அங்க கெடைக்காதும்மா."

"ஏன், வெல கூடவா?"

"ஆமாம்மா" என்றேன்.