கிரேனுக்கு உடைத்த தேங்காய்

என் மகனுக்குக் கனடாவில் வேலை. ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல். நேற்று நான் தாராவி வீட்டில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் அழைத்தான். போனுக்குள் கடகடவென்று பேரோசை. கப்பல் உடைகிறது என்று பதறிச் சாயாவை மடியில் கொட்டிக்கொண்டேன்.

“யப்பா, டென்ஷன் ஆவாதிய. கப்பலே தாதைக் கரையில கொட்டுது. கூலியாளே வேண்டாம்.”

அந்த ஓசையை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் கூடையில் தாது சுமந்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதுமடலில் செந்தூசி மிச்சமிருக்கும். ஒரு தசராவுக்குப் புது கிரேன் வந்தது. எங்கள் ஊர்க்கார மேஸ்திரி, “ஒங்க சுமையக் கொறைக்கத்தான் வந்திருக்கு அண்ணாச்சி, நீங்களே பூசை போடுங்க” என்றார். அப்பா சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார். கிரேன் முதல் கொட்டு கொட்டியதும் நான் அலறி அப்பாவின் லுங்கிக்குள் புகுந்துகொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை துறைமுக கேட்டில், இனி கூலியாள் வேண்டாம் என்று அப்பாவின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டவர் அதே மேஸ்திரிதான். “என் கையாலயே ஒடைக்க வச்சிட்டானே” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

“ஏல, கப்பலுக்குப் புது மெஷின் ஏதும் வருதா?” என்று மகனிடம் கேட்டேன்.

“அடுத்த மாசம் வருதுப்பா. கேப்டன் என்னையத்தான் ரிப்பன் வெட்டச் சொல்லிருக்காரு.”

“அன்னைக்கு வயித்துவலின்னு படுத்துக்கோல” என்றேன்.