கந்தகப் புகை பிடித்த சாடி

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று மாலை நாலரை மணிக்கு என் மகள் மூச்சுக்குத் திணற ஆரம்பித்தாள். சற்று முன்புதான், எங்கள் வீட்டு வழக்கப்படி, எல்லோருக்கும் கேக்கும் ஆளுக்கு ஒரு வாய் திராட்சை ரசமும் கொடுத்திருந்தோம். வீட்டில் போட்ட ரசம்தான். புளித்துவிடக் கூடாதென்று அந்த வருடம் என் மைத்துனர் சாடிக்குள் கந்தகம் கொளுத்தி, புகை அடங்குமுன்பே ரசத்தை ஊற்றி மூடி வைத்திருந்தார்.

மகளுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு.

“பனியில பூசைக்குக் கூட்டிட்டுப் போகாதீகன்னு சொன்னேன்ல” என்றாள் என் மனைவி.

“பச்சப்புள்ளைக்குப் போதை ஏறிருச்சோ” என்று மைத்துனர் நடுங்கினார்.

“எம்புட்டுக் குடிச்சாண்ணே, போதை ஏற? நாக்குகூட நனையல” என்றாள் மனைவி.

நான் டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, மகளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன். அவள் உதடு நீலம் பாரித்தது.

ஒருவழியாக ஜட்கா வண்டி வந்து நின்றது. இறங்கி வந்த லேடி டாக்டர் முதலில் ஊசி போட்டார். மூச்சு சீரானதும் மகளின் தம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“பனியுமில்ல, போதையுமில்ல. கந்தகம்தான் நெஞ்சப் பிடிச்சிருக்கு. நீங்கல்லாம் குடிச்சீங்க, ஒண்ணும் ஆகல. இளைப்பு இருக்கிற புள்ளைக்கு இது ஆகாது. இனிமே இவளுக்குக் கேக் மட்டும் போதும். எனக்கும் ஒரு துண்டு குடுங்க.”